நான்காம் நாள் ஏன் படம் எடுக்கவில்லை?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் அம்மாவுக்கு வயது 64. மார்பகப் புற்றுநோய்க்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது நோய் இடுப்பெலும்பிலும் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலும் பரவியிருக்கிறது. வலி குறைவதற்காகப் பத்து நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கச் சொன்னார்கள். முதல் மூன்று நாளும் மெஷினில் படுக்கவைத்து, படம் எடுத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் கரண்ட் வைத்தார்கள். நான்காம் நாள் படமே எடுக்கவில்லை. தோலில் போட்டிருந்த கோட்டைப் பார்த்துப் படுக்கவைத்து, ஐந்தாறு நிமிடத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஐந்தாம் நாளும் அப்படியே. கேட்டதற்கு அங்கிருந்த டெக்னீஷியன், "முன்பெல்லாம் தினமும் எடுப்பது தானாகவே கம்ப்யூட்டரில் வந்துவிடும் அக்கா. இப்போது மாற்றிவிட்டார்கள். டாக்டர் தனியாக எழுதினால்தான் எடுப்போம்" என்றார். நியூஜெர்சியில் இருக்கும் என் அண்ணன், "இங்கே தினமும் எடுக்கிறார்கள். அங்கே உங்களை ஏமாற்றுகிறார்கள். எவ்வளவு ஆனாலும் நான் கட்டுகிறேன், தினமும் எடுக்கச் சொல்" என்று போனில் சத்தம் போடுகிறார். அம்மாவோ, "எதற்கு வம்பு" என்கிறார். இன்னொரு சந்தேகமும் உண்டு. என் சித்திக்கும் மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆரம்ப நிலையிலேயே கண்டுபிடித்து சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நன்றாக இருக்கிறார். அவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை பெட் ஸ்கேன் எடுத்துவிட வேண்டும் என்பதும் அண்ணன் யோசனைதான். என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, கரூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் அம்மாவை யாரும் ஏமாற்றவில்லை. அந்தப் பிரிவில் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. "தானாகவே வரும், இப்போது மாற்றிவிட்டார்கள்" என்று டெக்னீஷியன் போகிற போக்கில் சொன்ன அந்த ஒரு வரிக்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். நோய் குறைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் தினமும் படம் எடுக்கிறார்கள் என்று என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது அதற்கல்ல. சிகிச்சை தொடங்கும் முன்பு உங்கள் அம்மாவை ஒரு சிடி ஸ்கேனில் படுக்கவைத்துத் திட்டம் போட்டிருப்பார்கள். அன்று எப்படிப் படுத்தாரோ, இன்றும் அப்படியே படுத்திருக்கிறாரா என்று எலும்பின் மேல் எலும்பை வைத்து ஒப்பிடுவதற்குத்தான் மெஷினில் எடுக்கும் படம். அது படுக்கையைச் சரிபார்க்கும் வேலை மட்டுமே.

அப்படியானால் மூன்று நாள் எடுத்துவிட்டு நிறுத்தியது ஏன்? ஒருவரைப் படுக்கவைக்கும்போது இரண்டு வகைப் பிழை வரும். ஒன்று, நாளுக்கு நாள் மாறுவது: இன்று இந்தப் பக்கம் இரண்டு மில்லிமீட்டர், நாளை அந்தப் பக்கம் மூன்று. இன்னொன்று, ஒவ்வொரு நாளும் ஒரே திசையில் வருவது. திட்டம் போட்ட அன்று அம்மா வலியில் உடம்பை இறுக்கிக்கொண்டு படுத்திருப்பார், அதன் பிறகு பழகிப்போய்த் தளர்ந்து படுப்பார். அதனால் தினமும் ஒரே பக்கம் நான்கு மில்லிமீட்டர் தள்ளியே விழும். இந்த இரண்டாவது பிழையைத்தான் பிடிக்க வேண்டும். முதல் மூன்று நாள் படங்களின் சராசரியை எடுத்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும். அந்த அளவுக்குக் குறியை ஒருமுறை திருத்திவிட்டு, அதன் பிறகு வாரத்துக்கு ஒரு படம் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும். கதிர்வீச்சுத் துறையில் இது பல காலமாக இருக்கும் கணக்கு. உங்கள் கடிதத்தில் உள்ள மூன்று நாள் இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது.

மீதி இருக்கும் அந்த இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு என்ன செய்வது என்று அண்ணன் கேட்பார். சுவரில் ஆணி அடிப்பது ஒன்று, சுவருக்கு வெள்ளையடிப்பது வேறொன்று. வலி குறைக்க எலும்புக்கு வைக்கும் கரண்ட் வெள்ளையடிக்கிற வேலை. நோய் இருக்கும் எலும்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ தாராளமாக விட்டுத்தான் கட்டம் போடுகிறோம். முதுகெலும்பு என்றால் பெரும்பாலும் மேலே ஒரு கண்ணி, கீழே ஒரு கண்ணி சேர்த்தே போடுவோம். மூன்று மில்லிமீட்டர் நகர்வு அந்த ஓரத்துக்குள்ளேயே அடங்கிப்போகும். கதிர்வீச்சின் அளவும் உடம்பு தாங்கும் அளவுதான்.

ஆணி அடிக்கிற வேலைகளும் உண்டு. அங்கே தினசரிப் படம் இல்லாமல் நான் பொத்தானை அழுத்தவிடமாட்டேன். தொண்டை, நாக்கு, கழுத்துப் புற்றுநோய்க்குக் குணப்படுத்தும் நோக்கத்தோடு வைக்கும் சிகிச்சை, குடலும் சிறுநீர்ப்பையும் நிரம்புவதற்கு ஏற்ப நகர்ந்துகொண்டே இருக்கும் ப்ராஸ்டேட், ஓரிரு நாளிலேயே மிகப் பெரிய அளவைச் சிறிய இடத்தில் குவிக்கும் நுண்குறிச் சிகிச்சை, ஏற்கனவே கரண்ட் வைத்த முதுகெலும்புக்கு மறுபடி வைக்கும் நிலை, இவற்றிலெல்லாம் மில்லிமீட்டர் முக்கியம். தண்டுவடத்துக்குப் பக்கத்தில் ஆணி அடிப்பவன் தினமும் அளந்துதான் அடிக்க வேண்டும். ஆகவே படம் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பயனில்லை. எந்த வேலைக்கு எத்தனை என்றுதான் கேட்க வேண்டும்.

இவ்வளவும் எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் பல இடங்களில் தினமும் எடுக்கிறோம்? இங்கே என் கதையைச் சொல்லத்தான் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். ப்ராஸ்டேட்டிலிருந்து முதுகெலும்பில் பரவிய நோய். பத்து நாள் சிகிச்சை. மெஷினின் பலகை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கார்பன் இழையால் செய்தது, மெத்தை கிடையாது, அசையக் கூடாது. முதுகில் நோய் உள்ளவருக்கு அதில் மல்லாந்து படுப்பது முள்ளில் படுப்பது போலத்தான். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ கட்டுப்பாட்டு அறையில் நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷினின் கை அவரைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் போட்டது. படம் வந்தது. பழைய எலும்பு ஒரு நிறம், இன்றைய எலும்பு ஒரு நிறம், ஒன்றன் மேல் ஒன்றாக. இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். பலகையை நகர்த்தச் சொன்னேன். அப்போது ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது: "தம்பி, இன்னுமா படம் பிடிக்கிறீர்கள்?" கேமராவில் பார்த்தேன். கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கக் கையைத் தூக்கக் கூடாது என்று நாங்கள்தான் சொல்லியிருந்தோம்.

கடைசி நாள் விடைபெறும்போது சிரித்துக்கொண்டே கேட்டார், "பத்து நாளும் ஒரே முதுகைத்தானே எடுத்தீர்கள் டாக்டர், ஏதாவது மாறியதா?" அன்று மாலை அவருடைய பத்துப் படங்களையும் திறந்து வைத்துப் பார்த்தேன். முதல் மூன்று நாளுக்குப் பிறகு எடுத்த ஏழு படங்களில் ஒன்றுகூட சிகிச்சையைப் பாதிக்கும் அளவுக்கு எதையும் மாற்றவில்லை. இரண்டு மில்லிமீட்டர் இப்படி, மூன்று மில்லிமீட்டர் அப்படி, அவ்வளவுதான். சரி, தினமும் எடுக்கச் சொன்னது யார்? நான்தான் என்று உத்தரவுத் தாளில் என் கையெழுத்து இருந்தது. ஆனால் நான் எழுதியதாக நினைவில்லை. தேடிப் பார்த்ததில் தெரிந்தது: மெஷின் வாங்கிய புதிதில், எல்லா நோயாளிகளுக்கும் பொதுவாக ஒரு படிவம் கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டிருக்கிறது. அதில் 'தினசரிப் படம்' என்ற இடத்தில் யாரோ டிக் போட்டுவைத்திருக்கிறார்கள். யார் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த டிக் அங்கேயே உட்கார்ந்துகொண்டு, ஆண்டுக்கணக்கில், நூற்றுக்கணக்கான பேர் விஷயத்தில் எனக்குப் பதிலாக முடிவெடுத்துக்கொண்டிருந்தது. நான் கீழே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இதைத்தான் கம்ப்யூட்டர்காரர்கள் டிஃபால்ட் என்கிறார்கள். உங்கள் அண்ணனுக்கு நன்றாகத் தெரிந்த சொல்லாக இருக்கும். தமிழில் முன்னிருப்பு என்று எழுதுகிறார்கள். எனக்கு 'வாய் திறக்காவிட்டால் நடப்பது' என்று சொன்னால்தான் விளங்குகிறது. டீக்கடையில் போய் "ஒரு டீ" என்றால் சர்க்கரை போட்டுத்தான் வரும். வேண்டாதவர்தான் வாய் திறக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கூடப் பாதி நாள் பேச்சு சுவாரஸ்யத்தில் சொல்ல மறந்து, வந்ததைக் குடித்துவிட்டுப் போவார். அதே கடைக்காரர் நாளையிலிருந்து சர்க்கரை இல்லாமல் ஆற்றிக் கொடுத்து, மேஜை மேல் சர்க்கரை டப்பாவை வைத்துவிட்டால்? வேண்டியவர் போட்டுக்கொள்வார். யாரையும் தடுக்கவில்லை, யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. ஆனால் மாதக் கடைசியில் சர்க்கரை மூட்டையைத் தூக்கிப் பார்த்தால் கனம் தெரியும்.

இப்போது அண்ணனிடம் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். டெலாவேர் ஆற்றுக்கு இந்தக் கரையில் நியூஜெர்சி, அந்தக் கரையில் ஃபிலடெல்ஃபியா. அந்த ஊரில் இருக்கிற பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மருத்துவ அமைப்பில்தான் இந்த டீக்கடை வேலையை முறைப்படி செய்து பார்த்தார்கள். அங்கே மருத்துவர்களின் பழக்கத்தை இப்படிச் சின்னச் சின்ன மாற்றங்களால் திருப்பிப் பார்ப்பதற்கென்றே 2016இல் ஒரு தனிக் குழு தொடங்கினார்கள். 'மெல்லத் தள்ளும் குழு' என்று அதன் பெயரை மொழிபெயர்க்கலாம். அடிக்காமல், அதட்டாமல், முழங்கையால் லேசாக இடித்து வழிகாட்டுவது என்று பொருள்.

அந்த அமைப்பின் ஐந்து கதிர்வீச்சு மையங்களிலும் வலி குறைக்கும் சிகிச்சைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தினமும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேவையில்லை என்பது மருத்துவர்களுக்குத் தெரியாமல் இல்லை. கம்ப்யூட்டரில் சிகிச்சைக்கு உத்தரவு எழுதும் இடத்தில், இந்த வகை நோயாளிகளுக்கு மட்டும், 'தினசரிப் படம் இல்லை' என்பதை முன்னிருப்பாக வைத்தார்கள். தினமும் வேண்டும் என்று நினைக்கும் மருத்துவர் அங்கேயே அதை மாற்றிக்கொள்ளலாம். யாருடைய அனுமதியும் வேண்டாம்.

ஐந்து மையங்களிலும் ஒரே நாளில் மாற்றவில்லை. படிப்படியாக, எந்த மையம் எப்போது மாறும் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, மாறிய இடத்தையும் மாறாத இடத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே போனார்கள். காலப்போக்கில் தானாகவே குறைந்திருக்கக் கூடியதைக் கழித்துப் பார்ப்பதற்காக அந்த ஏற்பாடு. 21 மருத்துவர்கள், 1019 நோயாளிகள். மாற்றத்துக்கு முன்பு நூறு சிகிச்சைகளில் ஏறக்குறைய 68இல் தினசரிப் படம் எடுத்திருந்தார்கள். மாற்றத்துக்குப் பிறகு 32. காலத்தின் பங்கைக் கழித்த பிறகும் குறைவு குறைவாகவே நின்றது. 2019இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் புற்றுநோய் இதழில் இதை வெளியிட்டார்கள்.

எனக்கு அந்த 68ஐவிட 32தான் பிடித்த எண். அந்த மருத்துவர்களின் கையை யாரும் கட்டிப்போடவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான சிகிச்சைகளில் தினமும் படம் வேண்டும் என்று மருத்துவர் நினைத்தார், எழுதினார், எடுத்தார்கள். மற்றவற்றில் படம் நின்றது. இதையே ஒரு சுற்றறிக்கை அனுப்பியும் சொல்லிப் பார்த்திருக்கலாம். என் அனுபவத்தில் சுற்றறிக்கையின் ஆயுள் இரண்டு வாரம்.

ஆகவே அண்ணன் சொல்வது பொய் அல்ல. "இங்கே தினமும் எடுக்கிறார்கள்" என்பது அவர் பார்த்த இடத்தில் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தினமும் எடுப்பதால் அது உயர்ந்த சிகிச்சை என்று ஆகிவிடாது. அங்கே ஒவ்வொரு படத்துக்கும் தனியாகப் பில் போடும் வழக்கமும் இருந்திருக்கிறது என்பதை அவர் காப்பீட்டுத் தாளைப் புரட்டியாவது பார்த்திருப்பார்.

சரி, எடுத்தால்தான் என்ன கெட்டுப்போகும்? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பயமுறுத்துகிறவர்களும் அதிகம். படத்தினால் வரும் கதிர்வீச்சு உங்கள் அம்மாவின் விஷயத்தில் பெரிய கவலை இல்லை. அன்றன்று சிகிச்சைக்கு வைக்கும் அளவில் அது நூற்றில் ஒரு பங்கு இருக்கும், பெரும்பாலும் அதைவிடக் குறைவு. கெட்டுப்போவது வேறு. பலகையில் படுத்திருக்கும் நேரம் கூடுகிறது. வலியோடு அதிக நேரம் படுத்திருப்பவர் அசையத் தொடங்குவார். படம் எடுத்துச் சரிசெய்த பிறகு அவர் அசைந்துவிட்டால், எடுத்த படத்துக்கு அர்த்தமே இல்லை. பிறகு பணம். பிறகு வரிசை. ஒரு மெஷினில் நாளைக்கு 60 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு நான்கு நிமிடம் கூடினால் நான்கு மணி நேரம். ராத்திரி ஒன்பது மணிக்கு வீல்சேரில் தூங்கி வழிந்துகொண்டு முறைக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த நான்கு மணி நேரம் அவர்கள் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

அதனால் கூடுதல் பணம் கட்டித் தினமும் எடுக்கச் சொல்ல வேண்டாம். அந்தப் பணத்தை அண்ணன் அனுப்பத்தான் போகிறார் என்றால், கரூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வராமல் அம்மாவை ஒரு காரில் சாய்ந்து படுத்தபடி அழைத்துப்போங்கள். அதில் பலன் அதிகம்.

இன்னொன்றும் ஓரமாகச் சொல்லிவைக்கிறேன். 'பத்து நாள்' என்பதேகூடப் பல இடங்களில் ஒரு டிஃபால்ட்தான். எலும்பு வலிக்கு ஒரே நாளில் 8 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) வைத்தாலும், பத்து நாளில் 30 கிரே வைத்தாலும் வலி குறைவது ஏறக்குறைய ஒரே அளவுதான் என்று பல ஆய்வுகள் காட்டிவிட்டன. ஒரே நாளில் வைத்தவர்களில் கூடுதலான பேருக்குப் பின்னால் மறுபடி ஒருமுறை வைக்க வேண்டி வருகிறது, அவ்வளவுதான். பத்து நாளைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணங்களும் உண்டு, உங்கள் டாக்டர் அப்படி ஒன்றை மனதில் வைத்திருக்கலாம். பாதியில் இருக்கும் சிகிச்சையை மாற்றச் சொல்லாதீர்கள். வேறு எலும்பில் எப்போதாவது வலி வந்து மறுபடி போக நேர்ந்தால், "ஒரே நாளில் முடிக்க முடியுமா டாக்டர்?" என்று கேட்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

முன்னிருப்பை மாற்றுவதில் ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. 'எடு' என்று தானாக வந்துகொண்டிருந்ததைக் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்ட என்னைப் போன்றவர்கள், 'எடுக்காதே' என்று வந்தாலும் அதே தூக்கத்தில் கையெழுத்துப் போடுவோம். ஆணி அடிக்கிற நோயாளிக்கும் வெள்ளையடிக்கிறவர் படிவம் போய்விட்டால் அது விபரீதம். அதனால்தான் ஃபிலடெல்ஃபியாவில் வலி குறைக்கும் சிகிச்சைக்கு மட்டும் மாற்றினார்கள். உங்கள் மருத்துவமனையில் எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது சண்டைத் தொனி இல்லாமல், "அம்மாவுக்கு இனி எந்த நாளில் படம் எடுப்பீர்கள்? இடையில் என்ன நடந்தால் உடனே எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். யோசித்து மாற்றியவர் என்றால் சட்டென்று பதில் வரும். "கம்ப்யூட்டரில் அப்படித்தான் இருக்கிறது" என்ற பதில் வந்தால், மரியாதையாக இன்னொரு முறை கேளுங்கள்.

படம் எடுத்தே ஆக வேண்டிய நேரம் ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் மறக்கக் கூடாது. அம்மாவுக்கு முதுகெலும்பில் நோய் இருக்கிறது. திடீரென்று கால் மரத்துப்போனாலோ, நடக்கும்போது கால் பின்னினாலோ, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தன்னை அறியாமல் மலம் போய்விட்டாலோ, அது தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். நடுராத்திரி என்றாலும் அவசரப் பிரிவுக்குப் போய், முதுகு முழுவதற்கும் அன்றே எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லுங்கள். அங்கே சிக்கனம் பேசுகிற டாக்டரோடு நானே சண்டைக்கு வருவேன். ஆனால் சிகிச்சை தொடங்கிய முதல் சில நாட்களில் அதே இடத்தில் வலி மட்டும் சற்றுக் கூடுவது வேறு விஷயம். மூன்று பேரில் ஒருவருக்கு அப்படி வரும், தானாகத் தணியும், மாத்திரையும் உண்டு. வலி நன்றாகக் குறைய இரண்டு முதல் நான்கு வாரம்கூட ஆகலாம். 'படம் எடுக்காததால்தான் வலி போகவில்லை' என்று அதற்குள் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள்.

இனி சித்தி. இங்கே அண்ணனுடைய அன்பு எனக்குப் புரிகிறது, யோசனைதான் சரியில்லை.

அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்தால் நோய் திரும்புவதைச் சீக்கிரம் பிடித்துவிடலாம், பிடித்தால் காப்பாற்றலாம் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. இத்தாலியில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த 1320 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் நெஞ்சு எக்ஸ்ரே, எலும்பு ஸ்கேன், கல்லீரல் ஸ்கேன் எல்லாம். மறுபாதிக்கு டாக்டர் கையால் பார்ப்பதும் மேமோகிராமும் (மார்பகத்துக்கு எடுக்கும் எக்ஸ்ரே) மட்டும், அறிகுறி வந்தால் மற்றவை. ஏறக்குறைய ஆறு ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தார்கள். ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருந்தவர்களில் நூற்றுக்கு 20 பேர் இறந்திருந்தார்கள், எடுக்காதவர்களில் 18 பேர். உயிர் விஷயத்தில் வித்தியாசம் இல்லை என்று பொருள். 1243 பெண்களை வைத்து அதே நாட்டில் நடந்த இன்னொரு ஆய்வில், ஸ்கேன் எடுத்தவர்களுக்குப் பரவல் முன்கூட்டியே தெரிந்தது, ஆனால் ஐந்தாண்டு முடிவில் இறப்பு ஒன்றுதான். கெட்ட செய்தியைத் தெரிந்துகொண்டு வாழ்ந்த காலம் மட்டும் கூடியது. இரண்டும் 1994இல் வெளியாயின.

"முப்பது வருஷத்துக்கு முந்தைய கதை, அப்போது பெட் ஸ்கேன் ஏது?" என்று அண்ணன் மடக்குவார். நியாயமான கேள்வி. படம் கூர்மையாகியிருக்கிறது, மருந்துகளும் மாறியிருக்கின்றன. ஆனால் அறிகுறி இல்லாதவரைக் கூர்மையான படத்தால் துழாவி ஆயுளைக் கூட்டியதாக இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமே 2012இல் 'இதைச் செய்யாதீர்கள்' என்று வெளியிட்ட ஐந்து அம்சப் பட்டியலில், குணமாக்கும் நோக்கோடு சிகிச்சை முடித்த, அறிகுறி இல்லாத மார்பகப் புற்றுநோயாளிகளுக்குப் பெட், சிடி, எலும்பு ஸ்கேன் எடுப்பதும் ஒன்று. அண்ணன் இருக்கும் நாட்டு மருத்துவர்கள் சொன்னது என்று சொன்னால் அவருக்குக் கொஞ்சம் எடுபடலாம்.

நம் ஊரில் பெட் ஸ்கேனுக்கு இன்னொரு தொல்லை உண்டு. உடம்பில் சர்க்கரையை வேகமாக உறிஞ்சும் இடமெல்லாம் அதில் ஒளிரும். புற்றுநோய் மட்டுமல்ல, காசநோய் நெறிக்கட்டியும் ஒளிரும், சாதாரணக் கிருமித் தொற்றும் ஒளிரும். சித்தியின் நெஞ்சில் ஒரு நெறிக்கட்டி ஒளிர்ந்துவிட்டால், அது என்ன என்று ஊசி போட்டுச் சதை எடுத்து முடிவு வரும் வரைக்கும் இரண்டு வாரம் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டீர்கள். முடிவில் காசநோய்த் தடயம் என்று வரும். நான் பார்த்த குடும்பங்கள் ஒன்றிரண்டு அல்ல.

சித்திக்கு வேண்டியது இவ்வளவுதான்: சிகிச்சை முடிந்து முதல் மூன்று ஆண்டுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் கையால் பரிசோதிப்பது, ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம். மாத்திரை கொடுத்திருந்தால் அதை விடாமல் சாப்பிடுவது. இது ஸ்கேனைவிடப் பெரிய காவல், ஆனால் பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறைய. இடையில் சில வாரங்களாகப் போகாத எலும்பு வலி, மூச்சு வாங்கல், புதிதாக ஒரு கட்டி, காரணமில்லாமல் எடை இறங்குவது, தொடர்ந்து தலைவலி என்று எதுவாவது வந்தால் அடுத்த தேதிக்காகக் காத்திருக்காமல் போக வேண்டும். அப்போது எடுக்கும் ஸ்கேனுக்கு ஒரு கேள்வி இருக்கும்.

அம்மாவின் விஷயத்தில் மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவருக்கு நோய் பரவியிருப்பதால், மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க அவ்வப்போது ஸ்கேன் எடுப்பார்கள். அந்தப் படத்தைப் பார்த்து மருந்தைத் தொடர்வதா மாற்றுவதா என்று முடிவெடுப்பார்கள். அதற்கு மறுக்காதீர்கள். சித்தி கணக்கு வேறு, அம்மா கணக்கு வேறு.

மிச்சமிருக்கும் நாட்களுக்கு இரண்டு சின்ன விஷயம். உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, வலி மாத்திரையை மெஷின் அறைக்குப் போவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு அம்மாவுக்குக் கொடுங்கள். பலகையில் படுப்பது எளிதாக இருக்கும், அசையவும் மாட்டார். குளிக்கும்போது தோலில் உள்ள கோடுகளைத் தேய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அழிந்துவிட்டால் வீட்டில் பேனாவால் நீங்களே போட்டுவிடாமல் டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். அப்படிப் போட்டுக்கொண்டு வந்தவர்களும் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ மறுபடி ஒரு படம் எடுப்பார்கள். அது வாரக் கணக்குப் படம். "இத்தனை நாள் எடுக்காமல் இன்று ஏன் எடுக்கிறார்கள், ஏதாவது தப்பாகிவிட்டதா?" என்று அண்ணன் போன் செய்வார். அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.